பழைய மணி, புது மணி

யம்னா வாயைத் திறந்தால் குறைதான் வரும் என்று எங்கள் தக்பாலூத் கிராமத்துப் பெண்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசட்டும். என் தம்பி பெண்டாட்டி தூதாவைப் பற்றி இந்தப் பதினோரு வருஷத்தில் நான் சொல்லாத குறை இல்லைதான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அடுப்பில் ரொட்டியைக் கருகவிட்டாள். எங்கே போய்த் தொலைந்தாள் என்று பார்த்தால், ஓடப் போயிருந்தாளாம். புது மருமகள் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடுகிறாள், யாராவது துரத்துகிறார்களா என்று ஆட்டுக்காரன் வந்து என் அப்பாவிடம் விசாரித்தான். எனக்கு மானமே போயிற்று.

தம்பி அலீ மட்டும் சிரித்தான். "அவ ஓடட்டும் விடுக்கா, வேகமா திரும்பி வந்துடுவா" என்றான். அவன் போய் நாலு வருஷமாகிறது. மரம் ஏற்றிப்போன லாரி மலைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. அப்போது அவர்கள் மகள் இஸ்ஸாவுக்கு ஐந்து வயது.

ஒரே முற்றத்தில் எதிரெதிராக இரண்டு வீடு எங்களுக்கு. ஒன்றில் நான். கட்டிக்கொடுத்து மூன்று வருஷத்தில், பிள்ளை பெறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். எதிர் வீட்டில் தூதாவும் குழந்தையும். அலீ போன பிறகு வருமானத்துக்கு வழியில்லை. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் மற்ற கிராமத்துப் பெண்களோடு பஸ் ஏறி, கடல் தாண்டி, ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போவாள். மூன்று மாதம், சில வருஷம் நாலு மாதம். குழந்தையுள்ள பெண்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள், கட்டாயம் ஊர் திரும்புவாள் என்று. அந்த மாதங்களில் இஸ்ஸா என்னோடுதான். என் கட்டிலில், என் முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்குவாள்.

தூதாவிடம் எனக்கு எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. அவளுக்குச் சரியாக ஒப்பாரி வைக்கத் தெரியாது. நடுச் சமையலில் கேஸ் தீர்ந்தால் நான் கேஸ்காரனில் தொடங்கி அவன் பாட்டன்வரை திட்டி முடிப்பேன். அதற்குள் அவள் விறகு மூட்டிப் பாதிக் குழம்பைக் கொதிக்கவைத்திருப்பாள். எது கெட்டுப்போனாலும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு, "சரி, இப்ப கையில என்ன இருக்கு?" என்பாள். ஓட்டத்திலும் அப்படித்தான். பதினேழு வயதில் பள்ளிக்கூடத்துப் போட்டிகளில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவளுக்குக் கணுக்கால் எலும்பில் கீறல் விழுந்து எல்லாம் முடிந்தது. நானாயிருந்தால் இன்றுவரை அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருப்பேன். அவள் ஒரு வருஷம் நடந்தாள், அப்புறம் மெள்ள ஓடினாள், அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நல்ல வழி பிறந்தது. அஸ்ரூ நகரத்துக்குப் போகும் சாலையில் மலைக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று இருக்கிறது. அதன் பொறுப்பாளர் லல்லா ஜுஹூர், தினமும் காலையில் தன் ஜன்னலைத் தாண்டி ஓடும் தூதாவை இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். ஒருநாள் நிறுத்தி, பிள்ளைகளை ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் பழக்க ஒரு பெண் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். மாதச் சம்பளம், வீட்டிலிருந்து போய்வரும் தூரம். ஸ்பெயினும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

ஆனால் விடுதியை நடத்தும் குழுவில் இருந்த ஆண்கள் சும்மா விடுவார்களா? படிப்பும் பாதி, பட்டமும் இல்லை, இவள் ஓட்டக்காரி என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். முறையாக அளந்த சாலையில், நடுவர் முன்னிலையில், பத்து கிலோமீட்டரை நாற்பத்திரண்டு நிமிஷத்துக்குள் ஓடி, அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கொண்டுவரட்டும் என்று முடிவு செய்தார்கள்.

முதல் முறை அக்டோபரில், அஸ்ரூ பந்தயத்தில் ஓடினாள். ஆறாவது கிலோமீட்டரில், குளிருக்கு முன் மலையிலிருந்து கீழே இறங்கும் மந்தை சாலையைக் கடந்தது. எண்ணூறு ஆடு. ஆட்டுக்கு ஓட்டப்பந்தயம் தெரியுமா, நாற்பத்திரண்டு நிமிஷம் தெரியுமா? தூதா நின்றாள், முழு மந்தையும் போனது, நாலு நிமிஷமும் அதோடு போனது. இரண்டாவது முறை ஜனவரியில். முதல் நாள் விழுந்த பனியில் சாலை மூடி ஓட்டமே நடக்கவில்லை. மூன்றாவது ஓட்டம் நோன்புப் பெருநாளை அடுத்து வந்த ஞாயிறு. மாதக் கடைசிக்குள் தாள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், ஸ்பெயினுக்குப் போகும் கடைசிக் கூட்டத்தில் தூதாவின் பெயர் வந்திருந்தது. பஸ் புதன்கிழமை. ஞாயிறு தாள் கிடைத்தால் புதன் பஸ் இல்லை. கிடைக்காவிட்டால் மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நோன்பு மாதம் முழுக்கப் பயிற்சியை விடவில்லை. நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கிளம்புவாள். பாங்கு சொல்லும் நேரத்துக்கு முற்றத்துக்குள் நுழைவாள். ஒரு பேரீச்சம்பழம், இரண்டு மிடறு தண்ணீர், அப்புறம் நான் காய்ச்சிய ஹரீரா சூப்பில் மூன்று கிண்ணம். பாதி மாதத்தில் சேற்றில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கியது. நான் ஊரைக் கூட்டி அழுதேன். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, பனி உருகிய தண்ணீரில் முட்டளவு ஆழத்தில், நீரோட்டத்துக்கு எதிராக நடக்க ஆரம்பித்தாள். பத்து நாள். துணி துவைக்க வந்த பெண்கள், இவளுக்கு ஜின் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். அதைவிட மோசமானது பிடித்திருக்கிறது என்றேன். பதினோராம் நாள் வீக்கம் வடிந்து சாலைக்குத் திரும்பினாள்.

இனி என் பங்குக்கு வருகிறேன். சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் நேரம் இரண்டு. அரசாங்கத்தின் புது மணி ஒன்று, எங்கள் பழைய மணி ஒன்று. புது மணி ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் புது மணி. ஆடு கறப்பது, ரொட்டி சுடுவது, விருந்துக்குக் கூப்பிடுவது எல்லாம் பழைய மணி. யார் எதற்குக் கூப்பிட்டாலும் "பழசா, புதுசா?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். நோன்பு மாதத்தில் மட்டும் அரசாங்கம் தன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய மணிக்கே வந்துவிடும். அந்த ஒரு மாதம் நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம். யாரும் எதையும் கேட்க வேண்டாம். பெருநாள் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் கடிகாரம் மறுபடி ஒரு மணி முன்னே தாவிவிடும்.

இது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த முறை பெருநாள் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் வீடு நிறைய விருந்தாளிகள், தட்டுத் தட்டாகப் பலகாரம். பெருநாளே இன்னும் முடியவில்லை, மணி மாறுவது அடுத்த ஞாயிறுதான் என்று என் மண்டைக்குள் எப்படியோ உட்கார்ந்துவிட்டது. கைபேசியாவது தானாக மாறியிருக்கும். போன வருஷம் அது நோன்புக்கு நடுவில் கிறுக்குப் பிடித்துத் தாவி, என்னை ஒரு மணி நேரம் முன்னதாக, நோன்பு வைக்கும் விடியற்காலைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்டது. அந்தக் கோபத்தில் தானாக மாறுவதை நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். தூதாவின் கைபேசி உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. "நேரத்தைப் பத்தி நீ கவலைப்படாதே, உன்னை எழுப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு" என்று மார்தட்டியவளும் நான்தான்.

பெண்கள் ஓட்டம் ஒன்பது மணிக்கு. எட்டரைக்கே அஸ்ரூ சதுக்கத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, டாக்ஸிக்கார ஹம்முவிடம் சொல்லிவைத்தேன். அவனும் எங்கள் ஊர்க்காரன், பழைய மணிக்காரன். சொன்ன நேரத்துக்கு வந்து ஹாரன் அடித்தான். தூதா முன்னால், நானும் இஸ்ஸாவும் பின்னால். மலையிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வீசியது. தேவதாரு மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடின.

அஸ்ரூவுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். எதிர்த் திருப்பத்தில் ஒரு பெண் ஓடிவந்தாள். அவள் மார்பில் சிவப்பு எண். பின்னால் இரண்டு பேர், அப்புறம் ஐந்து பேர், எல்லோரும் சிவப்பு எண்.

"உடம்பைச் சூடு பண்ணிக்கிறாங்க போல" என்றான் ஹம்மு. ஆமாம் ஆமாம் என்றேன் நானும். தூதா கண்ணாடியை இறக்கி, போலீஸ்காரரிடம் மணி கேட்டாள்.

"ஒன்பதே கால்" என்றார் அவர்.

என் கைபேசியில் எட்டேகால். பெண்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக, குண்டான ஒரு டீச்சரம்மா காற்றில் முக்காடு பறக்க மூச்சு வாங்கிக்கொண்டு போனார். அவர்கூட நேரத்துக்கு வந்துவிட்டார்.

அந்த நிமிஷத்தில் என் மனசில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று பதறியது நிஜம். அதற்கடியில் இன்னொன்றும் ஓடியது. அப்படியானால் புதன்கிழமை இவள் பஸ் ஏறுவாள், குழந்தை என் கட்டிலுக்கு வந்துவிடும் என்று. அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. உடனே தூ என்று மனசுக்குள் துப்பினேன், ஆனாலும் அது வந்துவிட்டுத்தான் போயிற்று.

"தூதா, என் தப்புடி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு அவள் ஹம்முவிடம், "அண்ணே, வண்டியை எடுங்க. ஆம்பளைங்க ஓட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

ஆண்கள் ஓட்டம் பத்தேகாலுக்கு. நாங்கள் சதுக்கத்தில் இறங்கும்போது, புது மணிப்படி, ஒன்பது முப்பத்தைந்து.

விசில் மாட்டிய ஒருவர் அங்கே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நான் நேராக அவரிடம் போய் நியாயம் கேட்டேன். பெருநாள் வந்த மூன்றாம் நாளே கடிகாரத்தைத் திருப்பிவிட்டு, அதே காலையில் ஓட்டம் வைத்தால் மலைக்காரர்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று கேட்டேன். கடிகாரத்தைத் திருப்பியது நானில்லை அம்மா என்றார். இன்னும் நிறையக் கேட்டேன். அதில் பாதி அவருடைய மீசையைப் பற்றியது. இஸ்ஸா என் கையைப் பிடித்து இழுத்தாள். தூதா எங்களை விட்டுவிட்டு நடுவர் மேசைக்குப் போயிருந்தாள்.

நடுவர் பூஅஸ்ஸா, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார். கழுத்தில் இரண்டு நிறுத்தற் கடிகாரம் தொங்கும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. லல்லா ஜுஹூர் அவர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தூதா சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை.

"ஐயா, ஆம்பளைங்க ஓடுற ரோடும் இதே அளந்த ரோடுதானா?"

"அதேதான்."

"அதுல பொம்பளை ஓடக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவர் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி மாட்டி, நிதானமாகப் பக்கம் புரட்டினார். எனக்கு அதைப் பிடுங்கி நானே படித்துவிடலாமா என்றிருந்தது. அவ்வளவு படிக்கத் தெரியாது, அது வேறு.

"எழுதல. ஓடுன நேரம் ஓடுன நேரம்தான். ஆனா ஆம்பளைங்களுக்குள்ள நீல நம்பர் வேணும். அது முன்கூட்டியே பேர் குடுத்தவங்களுக்கு மட்டும்தான். மீதி கிடையாது."

மேசையில் இன்னும் யாரும் வாங்காத நீல எண்கள் ஒரு கட்டு கிடந்தது. தூதா அதைக் காட்டி, இவர்கள் யார் என்று கேட்டாள். வராதவர்கள் என்றார் அவர். ஊர்ப் பெயரைப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். ஒன்று பாக்கியில்லாமல் எங்கள் மலைப் பக்கத்துக் கிராமங்கள். தூதாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இவங்க யாரும் இப்ப வரமாட்டாங்க ஐயா. எங்க அண்ணி மாதிரியே இவங்க வீட்டுலயும் ஒவ்வொருத்தர் இருப்பாங்க."

அதே புத்தகத்தில் இன்னொரு விதியும் இருந்தது: ஓட்டத்துக்குக் கால் மணி முன்பு மேசையை மூடிவிடுவார்கள். அதுவரை வாங்காத எண்ணை நடுவர் யாருக்கும் கொடுக்கலாம். பத்து அடிக்க இருபது நிமிஷம் இருந்தது. பூஅஸ்ஸா அந்த இருபது நிமிஷமும் அசையவில்லை. விசில்காரர் வந்து இது வழக்கமில்லை என்றார். வழக்கமில்லைதான், விதியில் இருக்கிறது என்றார் பூஅஸ்ஸா. நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மலையிலிருந்து ஒரு பயலும் வந்துவிடக் கூடாதே என்று இறைவனை வேண்டினேன். பத்து அடித்ததும் அவர் மேல் கிடந்த எண்ணை எடுத்தார். நூற்றுப் பதினெட்டு, அதில் பஸ்ஸு என்ற ஆளின் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரை அடித்துவிட்டு அழகான கையெழுத்தில் தூதாவின் பெயரை எழுதினார்.

புறப்படும் கோட்டில் இருநூறு ஆண்கள். இவள் கடைசி வரிசையில், தலையில் இறுக்கிக் கட்டிய துணியோடு நின்றாள். அக்கா ரொட்டி மாவு பிசைந்துவிட்டு வந்தீர்களா என்று ஒருவன் கேட்டான். பிசைந்தாயிற்று, நீ திரும்பி வருவதற்குள் சுட்டும் வைக்கிறேன் என்றாள். சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். துப்பாக்கி வெடித்தது. இரண்டு நிமிஷத்தில் சதுக்கம் காலியாகி, எங்களுக்குக் காத்திருப்பதுதான் மிச்சம்.

காற்று இன்னும் வலுத்தது. பெண்கள் ஓட்டம் முடிந்து திரும்பியவர்கள், போகும்போது ஐந்து கிலோமீட்டரும் எதிர்க்காற்று, சுவரில் முட்டிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது என்றார்கள். முதலாவதாக வந்தவளே போன வருஷத்தைவிட இரண்டு நிமிஷம் அதிகம் எடுத்திருந்தாள். அதைக் கேட்டதும் நான் போய் நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல நாளிலேயே தூதாவுக்கு நாற்பத்திரண்டில் அரை நிமிஷம் மிஞ்சினால் அதிகம். இந்தக் காற்றில் எங்கே?

இஸ்ஸா என் மடியில் சாய்ந்துகொண்டாள். ஒன்பது வயதாகிறது, எல்லாம் தெரியும்.

"அம்மா நேரத்துக்குள்ள வந்துட்டா பஸ் ஏறமாட்டாங்கல்ல, அத்தை?"

"ஏறமாட்டா."

"வரலைன்னா நான் உங்ககூடத் தூங்கணும்."

அவள் குரலில் வருத்தமா சந்தோஷமா, எதுவுமே இல்லை. மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். இரண்டில் எது உனக்குப் பிடிக்கும் என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் வாயை அடக்கிய சில தடவைகளில் அது ஒன்று.

முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் முதல் ஆள் வந்தான். யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள், நான் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள். நாற்பது ஆனதும் நான் எழுந்து கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நாற்பத்தொன்று. சதுக்கத்தின் முனையில் ஏழெட்டு ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவே தலைத்துணி தெரிந்தது.

பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. எதிர்க்காற்று என்று தெரிந்த உடனே, முன்னால் போன கூட்டம் ஒன்றைத் துரத்திப் பிடித்து, அதில் அகலமான முதுகுக்காரன் ஒருவனைப் பார்த்து அவன் பின்னால் ஒண்டிக்கொண்டாளாம். அவன் இஃப்ரான் பக்கத்து மரம்வெட்டி. ஐந்து கிலோமீட்டரும் அவன் காற்றை வாங்கிக்கொள்ள, இவள் நிழலில் நடப்பவள்போல ஓடியிருக்கிறாள். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளியது. மூச்சு மிச்சமிருந்ததால் அவனுக்கு முன்னால் போய்க் கொஞ்ச தூரம் அவள் அவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பெண்கள் ஓட்டத்தில் ஓடியிருந்தால் ஒண்டிக்கொள்ள முதுகு ஏது? அந்தக் காற்றில் ஒன்பது மணிக்குப் புறப்பட்டிருந்தால் அவளுக்குத் தாள் கிடைத்திருக்காது. என் தப்புதான் அவளைக் காப்பாற்றியது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கோட்டைத் தாண்டிக் குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றாள். பூஅஸ்ஸா இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். ஒன்றைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார், கிராதகர். பிறகு எழுதினார். நாற்பத்தொன்று நாற்பத்துநாலு.

லல்லா ஜுஹூர் அழுதார். நான் அழுதேன். ஹம்மு டாக்ஸி ஹாரனை விடாமல் அடித்தான். விசில்காரர்கூட, எதற்கென்று தெரியவில்லை, ஒருமுறை ஊதினார். இஸ்ஸா கயிற்றுக்கடியில் புகுந்து ஓடி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்துக் கிராமத்து இளைஞன் ஒருவன் கால்சட்டையும் பையுமாக, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்து சேர்ந்தான். தூதாவின் மார்பைப் பார்த்தான். கொஞ்சம் கிட்ட வந்து எண்ணைப் பார்த்தான்.

"அக்கா, அது என் நம்பரு."

தூதா குனிந்தபடியே, "மணி என்ன தம்பி?" என்று கேட்டாள்.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பத்தாகப் போகுது. இன்னும் கால் மணி இருக்கே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாவம், அவனுக்குப் போனது அந்த வருஷத்து ஓட்டம் மட்டும்தான். ஆனாலும் நான் போய் அவன் தோளைத் தட்டி, உன் வீட்டில் நேரம் பார்த்தது யாரு என்று கேட்டேன். எங்க அக்கா என்றான். எனக்கு அந்த அக்காவை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, கல்லுப்புப் போட்டு, அதில் தூதாவின் கால்களை வைத்தேன். புதினா தேநீர் ஊற்றினேன். பெருநாள் பலகாரத்தில் நொறுங்காமல் இருந்ததைத் தேடி எடுத்து வைத்தேன். நடுவர் தாளை லல்லா ஜுஹூர் தன் கையாலேயே குழுவிடம் கொடுக்க எடுத்துப் போயிருந்தார். புதன்கிழமை வரமுடியாது என்று பஸ்காரருக்கும் ஹம்முவின் கைபேசியில் சொல்லியாயிற்று. எல்லாம் முடிந்தது. இஸ்ஸா என் வீட்டுக்குள் போய்த் புதன்கிழமைக்காக முன்னமே கொண்டுவந்து வைத்திருந்த தன் தலையணையை எடுத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் போனாள்.

எனக்கு அதற்கு மேல் மனசில் வைத்திருக்க முடியவில்லை. பாத்திரத்துப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன். சிவப்பு எண்ணோடு அந்தப் பெண்கள் எதிரே வந்தபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்ததை, ஏன் வந்தது என்பதை, ஒன்றுவிடாமல். கைபேசியை வேண்டுமென்று மாற்றாமல் விட்டேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னேன். இனி நீ என்னோடு பேசாவிட்டாலும் நியாயம்தான் என்றேன்.

தூதா தேநீரைக் கீழே வைத்தாள். வழக்கம்போல ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

"முதல் வருஷம் அங்க போனப்ப, அண்ணி, நீங்க போன்ல சொல்வீங்க, குழந்தை நல்லா சாப்பிடுது, நல்லா தூங்குது, அழறதே இல்லைன்னு. போனை வச்சிட்டு நான் தோட்டத்துக்கு நடுவுல நின்னு, இறைவா, அவ கொஞ்சமாவது அழட்டும்னு வேண்டிக்குவேன். உங்க கட்டில் அவளுக்குக் குத்தட்டும், உங்க சூப்பு அவளுக்குப் பிடிக்காம போகட்டும்னு வேண்டிக்குவேன். மூணு வருஷமும் வேண்டினேன். நீங்க ஒரு நொடிதானே நினைச்சீங்க."

என் சூப்பைப் பற்றி அப்படி வேண்டிக்கொள்ள இவளுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் தண்ணீருக்குள்ளிருந்தே ஈரக் காலால் என் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் வேலை முடிச்சு வர சாயங்காலம் ஆறாயிடும். ஸ்கூல் விட்டு வந்தா அவ உங்க வீட்டுலதான் இருக்கணும். வேற யார்கிட்ட விடுவேன்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஆறிப்போயிருந்தது, எழுந்துபோய் அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் சூடாகக் கொண்டுவந்து ஊற்றினேன்.